இரண்டாவது ஆல்பத்தில் டிரம்ஸ்

நோயல் டிரான்டர் கோபப்படுவதற்கு அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிவரை ஒரு காரணமும் இருக்கவில்லை. மார்ச் மாதத்துக்கு வெயில் நன்றாகவே அடித்தது. அவன் பிழைப்புக்குக் குளியலறை ஓடுகள் ஏற்றிப் போகும் வேனுக்கு அன்று விடுப்பு. அடுக்களையில் அவன் மனைவி கிளெனிஸ் பட்டாணியையும் பன்றி இறைச்சியையும் ஒன்றாக வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

சொன்ன நேரத்துக்கு இமோஜன் பெய்ஜ் வந்து சேர்ந்தாள். முப்பது வயதிருக்கும். லண்டனிலிருந்து ரயிலில் வந்தவள், கிராட்லி ஹீத் நிலையத்திலிருந்து மேட்டில் நடந்தே ஏறியதில் மூச்சு வாங்கினாள். நோயல் டிரம்ஸ் வாசிக்கும் ‘டாக் செயின்’ ராக் குழு செய்த ஐந்து ஆல்பங்களையும், பாதியில் விட்ட பாட்டுகளையும், வீணான பதிவுகளையும் சேர்த்து எட்டு டிஸ்க் உள்ள ஒரு பெட்டியாக அந்த ஆண்டு வெளியிடப் போகிறார்கள். கூடவே ஒரு தடித்த புத்தகம். எந்தப் பாட்டு எந்த நாள், எந்த ஸ்டுடியோவில் பதிவானது, யார் என்ன வாசித்தார்கள் என்று நாள்வாரியாக அதில் எழுதவேண்டியது இமோஜனின் வேலை.

முதல் ஆல்பத்தைப் பற்றி அவள் கேட்டபோது நோயல் உற்சாகமாகவே பேசினான்.

“அது எழுபத்தேழு. பர்மிங்ஹாம்ல ஒரு செருப்புக் கடைக்கு அடியில, நாலே நாள்ல முடிச்சோம். மேல ரோட்டுல பஸ் போனா தரை ஆடும். பஸ் வந்தா நிறுத்து, போனா வாசி. மூணாவது பாட்டு முடியறப்ப ஒரு உறுமல் கேக்கும் பாரு, டெஸ் கிட்டார்ல பண்ணினதுன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க. அது ஒன்பதாம் நம்பர் பஸ்ஸும்மா.”

இமோஜன் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். பிறகு தாளைப் புரட்டினாள்.

“ரெண்டாவது ஆல்பம், மிஸ்டர் டிரான்டர். எழுபத்தொம்பது நவம்பர், ஹெர்ஃபோர்டு பக்கத்துப் பண்ணை வீடு. அதுல எனக்கு ஒரு சின்னக் குழப்பம். பத்தாம் தேதியிலிருந்து பதினஞ்சு வரைக்கும் நீங்க அங்க இருந்தீங்களா?”

“இல்ல. எங்கப்பா ஒன்பதாம் தேதி தவறிட்டார். அடக்கம் பண்ணிட்டுப் பதினாறுதான் திரும்பிப் போனேன். ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே நான் வாசிக்கவேண்டியதெல்லாம் வாசிச்சு முடிச்சிருந்தேன். ஏன்?”

அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள். “டேப் பெட்டி மேல ஒட்டியிருக்கிற காகிதத்துல பன்னண்டாம் தேதியும் பதிமூணாம் தேதியும் ‘டிரம்ஸ்: எல். பாஸ்கோ’ன்னு எழுதியிருக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச விஷயமா இருக்கும்னு நினைச்சேன்.”

“பாஸ்கோவா? எவன் அவன்?”

“டேப்பை நாங்க டிஜிட்டலுக்கு மாத்திட்டோம். பாட்டு தொடங்கறதுக்கு முன்னாடி அறையில பேசிக்கிட்டதும் அதுல இருக்கு. நீங்க கேக்கறது நல்லதா, இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

“போடு” என்றான் நோயல்.

அவள் தன் கணினியில் ஒரு சின்ன ஸ்பீக்கரைப் பொருத்தினாள். முதலில் ஓர் இரைச்சல். யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பிறகு தயாரிப்பாளர் அட்ரியனின் குரல், அந்த நாட்களில் எல்லாரையும் நடுங்கவைத்த மேட்டுக்குடிக் குரல்: “லயனல், தயாரா?”

“தயார்” என்றது நோயல் அறியாத ஒரு குரல்.

அடுத்து வந்தது பாடகன் ரோலியின் குரல். முப்பத்திரண்டு வருடம் இளைய குரல். “நோயல்கிட்ட என்ன சொல்றது?”

“மிக்ஸிங்ல சரி பண்ணினோம்னு சொல்லு” என்றான் அட்ரியன்.

அதற்குப் பிறகு கிளைவ் பேசினான். பேஸ் கிட்டார் வாசித்த கிளைவ். நோயலுடன் ஒரே தெருவில் பிறந்து, ஒரே பள்ளியில் அடி வாங்கி, ஒரே சங்கிலிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவன். ஆறு வருடத்துக்கு முன் அவன் இறந்தபோது சவப்பெட்டியின் முன்பக்கத்தைச் சுமந்தவன் நோயல்தான்.

“அவன் அப்பனைப் புதைச்சிட்டு வர்றதுக்குள்ள நாம அவனைப் புதைச்சிடலாம்” என்றான் கிளைவ்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. யாரோ ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினார்கள். உடனே ‘ரெட் ரிவெட்’ பாட்டின் தொடக்கம் இடித்துக்கொண்டு வந்தது. எட்டு விநாடி, டிரம்ஸ் மட்டும். இங்கிலாந்தில் கார் ஓட்டுகிற பாதிப் பேர் ஸ்டியரிங்கில் தட்டுகிற எட்டு விநாடி. நோயல் டிரான்டர் என்ற பெயரைச் சொன்னால் ஜனங்கள் நினைவுக்குக் கொண்டுவருகிற எட்டு விநாடி.

“நிறுத்து அதை!”

கத்தியது கிளெனிஸ். கையில் கரண்டியோடு கதவருகே எப்போது வந்து நின்றாள் என்று யாரும் கவனிக்கவில்லை. இமோஜன் பதறி அணைத்தாள்.

“அந்தக் கிளைவ் நம்ம வீட்டு மேஜையில உக்காந்து எத்தனை கிறிஸ்துமஸ் தின்னிருப்பான்? நாசமாப் போறவன். செத்துட்டானேன்னு பாக்கறேன், இல்லன்னா நானே போய்க் கொன்னிருப்பேன்” என்றாள் கிளெனிஸ். “நோயல், என்ன பேசாம உக்காந்திருக்க?”

நோயல் எழுந்து வேன் சாவியை எடுத்தான்.

ரோலி ஹிங்லியின் வீடு கின்வர் அருகே, மரங்களுக்கு நடுவில் இருந்தது. நோயல் போய் இறங்கியபோது அவன் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தண்ணீரைப் பீய்ச்சும் இயந்திரத்தால் வாசல் கற்களிலிருந்த பாசியைக் கழுவிக்கொண்டிருந்தான். அறுபத்திரண்டு வயதிலும் முடிக்குச் சாயம் பூசியிருந்தான்.

“வாடா! என்ன திடீர்னு? போன் பண்ணியிருந்தா...”

“யாருடா லயனல் பாஸ்கோ?”

ரோலி இயந்திரத்தை நிறுத்தவில்லை. தண்ணீர் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. கற்களுக்கிடையே இருந்த மணல் பறந்தது.

“அந்தப் பொண்ணு வந்தாளா?” என்றான். “அதையெல்லாம் அவ யார்கிட்டயும் காட்டக்கூடாதுன்னு ரெக்கார்டு கம்பெனியில சொல்லிவச்சிருந்தேனே.”

“அப்போ உனக்குத் தெரியும்.”

“எனக்கு எப்பவும்தானேடா தெரியும். நான்தான் அங்க இருந்தேனே.”

நோயல் இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தான். சட்டென்று பேரமைதி.

“முப்பத்திரண்டு வருஷம். ஒரே பஸ்ல தூங்கியிருக்கோம். என் பொண்ணு கல்யாணத்துல நீ பாடின. ஒரு நாள், ஒரே ஒரு நாள் உன் வாயில வரலையா?”

“எந்த நாள் சொல்றது? நீயே சொல்லு. உங்கப்பா அடக்கத்துல வந்து சொல்லவா? இல்ல, தட்டு விற்பனையில அஞ்சாம் இடத்துக்கு ஏறுச்சே, அன்னைக்கா? டிரம்ஸ் பத்திரிகைக்காரன் உன் படத்தை அட்டையில போட்டானே, அன்னைக்குச் சொல்லியிருக்கணுமா?”

“சிரிச்சீங்களேடா. எங்கப்பன் பொணம் கிடக்கறப்ப சிரிச்சீங்களே.”

ரோலியின் முகம் கொஞ்சம் தொங்கியது. “பயத்துல சிரிச்சோம்” என்றான். “அந்த வாரம் நீ எப்படி வாசிச்ச, ஞாபகம் இருக்கா? மணிக்கொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டு வந்து உக்காருவ. கை கல்லு மாதிரி விழும். ஒவ்வொரு பாட்டும் நொண்டுச்சு. ஆளை மாத்துங்க, இல்லன்னா தட்டே வராதுன்னு அட்ரியன் சொல்லிட்டான். உன்னை அனுப்பிடறதுன்னு டெஸ்ஸும் நானும் முடிவே பண்ணிட்டோம். தடுத்தவன் யாரு தெரியுமா? கிளைவ். ‘நோயல் போனா நானும் போறேன்’னான். அதுக்கப்புறம்தான் இந்த வழி. வேற ஒருத்தன் வாசிக்கட்டும், பேரு நோயலுக்குன்னு. நீ இன்னைக்கும் டாக் செயின்ல இருக்கேன்னா அந்தச் செத்தவனாலதான்.”

நோயலுக்கு இது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. தன்னைப் பார்த்துச் சிரித்தவனும் தன்னைக் காப்பாற்றியவனும் ஒரே ஆளாக இருந்தால் அந்த ஆளை முழுசாகத் திட்டக்கூட முடியாதே.

“எனக்கு யாரும் பிச்சை போடவேண்டாம். என்கிட்டச் சொல்லியிருக்கணும்.”

“நீ கேட்டிருக்கணும்” என்றான் ரோலி. இப்போது அவனுக்கும் சூடேறிவிட்டது. “யார்கிட்டடா நடிக்கற? உனக்குத் தெரியாதா? பெரிய டிரம்முல ஒத்தைக் காலால இரட்டை அடி அடிக்க உனக்கு வராது. அதுவரைக்கும் ஒரு நாள்கூட நீ அடிச்சதில்ல. ‘ரெட் ரிவெட்’ ஆரம்பத்துல அது நாலு தடவை வருது. தன் காலு எது, அடுத்தவன் காலு எதுன்னு தெரியாத டிரம்மர் உலகத்துல உண்டா? மிக்ஸிங்ல கால் முளைக்குமாடா?”

நோயல் அவனைத் தள்ளினான். பலமாகக்கூட இல்லை. ஆனால் பாசியும் தண்ணீருமாகக் கிடந்த கல்லில் ரோலியின் பூட்ஸ் வழுக்கியது. தொப்பென்று உட்கார்ந்தான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நோயல் கை கொடுக்கவில்லை, ரோலியும் கேட்கவில்லை.

“புத்தகத்துல உன் பேருதான் வரும்” என்றான் ரோலி, தரையில் இருந்தபடியே. “கம்பெனி ஒத்துக்கிட்டாச்சு. யாருக்கும் நஷ்டமில்ல. வீட்டுக்குப் போ.”

நோயல் போனான். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேனை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் சும்மா இருந்தான்.

ரோலி சொன்னது உண்மை.

எண்பது பிப்ரவரியில் மாதிரித் தட்டு தபாலில் வந்தது. அம்மா வீட்டு முன்னறையில், அப்பாவின் நாற்காலி காலியாக இருந்த அந்த அறையில், ஊசியை வைத்துக் கேட்டான். முதல் இரண்டு விநாடியிலேயே தெரிந்துவிட்டது. ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தான். ஆறு தடவை. பிறகு தட்டை உறையில் போட்டான். அடுத்த மாதம் சுற்றுப்பயணம். ஊர்க்கோடியிலிருந்த மெத்தடிஸ்ட் தேவாலயத்தின் கூடத்தை மூன்று வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, தினமும் காலையில் போய் உட்கார்ந்து, அந்த எட்டு விநாடியை மட்டும் பழகினான். வலது கணுக்கால் வீங்கி, பூட்ஸுக்குள் நுழையவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் பெயரில் இருப்பதைத் தானே திருடக் கற்றுக்கொள்வது போல இருந்தது. கற்றுக்கொண்ட பிறகு, தன்னுடையது என்றே ஆகிவிட்டது.

எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் மறைத்தார்கள் என்பதற்காக அவனுக்கு எவ்வளவு கோபமோ, அதே அளவு தன் மீதும் இருந்தது. ஆனால் தன்னைத் தள்ளிவிட வாசல் கல் கிடைக்கவில்லை.

மறுநாள் இமோஜனுக்குப் போன் செய்து பாஸ்கோ உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டான். இருக்கிறார், பிளிமத்தில் இருக்கிறார் என்று சொல்லி எண்ணையும் கொடுத்தாள். தான் போன் செய்தபோது அவர் ‘நான் அங்கே போனதே இல்லை’ என்று வைத்துவிட்டதாகவும் சொன்னாள்.

நோயலுக்கும் அதே பதில்தான் முதலில் கிடைத்தது. “தப்பான நம்பர். எனக்கு எந்தப் பண்ணை வீடும் தெரியாது.”

“நான் நோயல் டிரான்டர் பேசறேன்.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி. அணைந்தது.

“என்ன வேணும்?” என்றார் பாஸ்கோ.

“ரெண்டாவது ஆல்பம் நீங்க வாசிச்சது. எனக்கு நேத்துதான்...” நிறுத்திக்கொண்டான். “எனக்குத் தெரியும். அதை வெளிய சொல்லப்போறேன்.”

“உனக்கு முதல்லயே சொல்லிட்டாங்க, நீ சரின்னுட்டேன்னுதான் என்கிட்டச் சொன்னாங்க. வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு வாக்கு கேட்டாங்க, கொடுத்தேன். ரெண்டு நாள் வேலை. போனேன், அடிச்சேன், வந்தேன். அது இப்படி எங்க போனாலும் துரத்தும்னு எனக்கென்ன தெரியும்? இந்த ஊர்ல எந்தப் பப்புக்குப் போனாலும் அந்தப் பாட்டு. என் பொண்டாட்டி மேஜைக்கு அடியில என் காலை மிதிப்பா. அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளும் போய்ச் சேர்ந்துட்டா. இப்ப மிதிக்க ஆளில்ல. நீ என்னடான்னா முப்பது வருஷம் கழிச்சு நல்லவன் வேஷம் கட்டிக்கிட்டு வர்ற.”

“நான் வேஷம் கட்டல.”

“டி.வி.யில உன்னைப் பாத்திருக்கேன். கடைசி அடியில எப்பவும் அவசரப்படற. அது அப்படியில்ல. அங்க கொஞ்சம் பொறுக்கணும். முப்பது வருஷமா அதைப் பாத்து எனக்கு வயிறு எரியுது.”

நோயலுக்குக் காது சுட்டது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் சுட்டது. “பேரைச் சொல்லலாமா, கூடாதா?” என்று கேட்டான்.

“வாக்குக் கொடுத்தவன் நான். நீ இல்லையே” என்று சொல்லிவிட்டுப் பாஸ்கோ போனை வைத்தார்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், பர்மிங்ஹாமில் ஓர் இசைத்தட்டுக் கடையில் பெட்டியின் அறிவிப்பு நடந்தது. நூற்றைம்பது பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ரோலியும் டெஸ்ஸும் உயரமான முக்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் நோயலுக்கும் இடையே மூன்று மாதமாகப் பேச்சில்லை. ஆனால் ஒப்பந்தப்படி மூவரும் வந்தாகவேண்டும். ஓரத்தில் ஒரு டிரம் செட் தயாராக இருந்தது. கிளெனிஸ் புதுச் சட்டை போட்டு முன்வரிசையில் நின்றாள். ரோலியைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டைச் சுழித்துக்கொண்டிருந்தாள்.

வானொலிக்காரர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். “எல்லாரும் காத்துக்கிட்டிருக்கிற அந்த எட்டு விநாடி! நோயல், நமக்காக ஒரு தடவை!”

கைதட்டல். நோயல் டிரம் செட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். குச்சிகளை எடுத்தான். பிறகு அவற்றைத் தோல்மேல் குறுக்காக வைத்தான்.

“இதை வாசிச்சது நான் இல்ல.”

சிலர் சிரித்தார்கள், ஏதோ வேடிக்கை என்று.

“சிரிக்காதீங்க. எழுபத்தொம்பது நவம்பர்ல நான் எங்கப்பாவை அடக்கம் பண்ணப் போயிருந்தேன். இதை வாசிச்சவர் பேரு லயனல் பாஸ்கோ. பிளிமத்துல இருக்கார். அந்த ஆல்பத்துல இருக்கிற எட்டுப் பாட்டும் அவர் வாசிச்சது. இந்தா, முக்காலியில உக்காந்திருக்கானுங்களே ரெண்டு பேரு, இவனுங்களுக்குத் தெரியும்.”

ரோலி தன் ஒலிவாங்கியை எடுத்தான். “மதியச் சாப்பாட்டோட ரெண்டு பைண்ட் பீர் போட்டுட்டான்னு நினைக்கறேன்” என்று இளித்தான். “விளையாடறான்ப்பா.”

“வாயை மூடுடா ரோலி! இன்னும் எத்தனை வருஷம் என் பேரை வச்சுப் பொய் சொல்லுவ?”

கூட்டம் அடங்கிப்போனது. கடைசி வரிசையிலிருந்து பருத்த ஒரு மனிதன் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தான். சட்டைக்கையைச் சுருட்டினான். முழங்கைவரை அந்த எட்டு விநாடியின் இசைக்குறிப்பு பச்சை குத்தியிருந்தது. கீழே நோயலின் பெயர்.

“அப்ப இது என்ன?” என்றான். குரல் உடைந்திருந்தது. “இதை நான் என்ன பண்றது? உனக்கு எப்பத் தெரியும்?”

நோயலுக்கு ‘மார்ச்சில்’ என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. அப்படிச் சொன்னால் அவன் ஏமாற்றப்பட்டவன். இந்தக் கூட்டம் மொத்தமும் அவன் பக்கம். பச்சை குத்தியவனின் கண்ணைப் பார்த்தான்.

“எண்பது பிப்ரவரியில” என்றான். “முதல் தடவை கேட்டப்பவே.”

யாரோ “த்தூ” என்றார்கள். ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் கோப்பை பறந்துவந்து பெரிய டிரம்மில் பட்டு விழுந்தது. ரோலி முகத்தைத் திருப்பிக்கொண்டான். டெஸ் மட்டும் தரையைப் பார்த்தபடி, “சொல்லிட்டான்யா” என்று முணுமுணுத்தான்.

கிளெனிஸ் நின்ற இடம் காலியாக இருந்தது.

கார் நிறுத்துமிடத்தின் மூன்றாவது மாடியில் அவள் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பிப்ரவரியிலயா?” என்றாள்.

“கிளெனிஸ்...”

“உங்கப்பா நினைப்பு வருது, வீட்டுக்குள்ள இருக்க முடியல, தனியா நடந்துட்டு வர்றேன்னு மூணு வாரம் போனியே. அப்ப நம்ம பொண்ணு சூசனுக்கு அஞ்சு மாசம். அவளுக்குக் காதுவலி, நாள் பூராக் கத்துவா. உங்கம்மா ஒருபக்கம் அழுதுக்கிட்டே இருப்பாங்க. ரெண்டு பேரையும் நான்தான் பாத்துக்கிட்டேன். பாவம், அப்பனை இழந்தவன், போய் அழுதுட்டு வரட்டும்னு விட்டேன். நீ டிரம்ஸ் அடிக்கப் போயிருக்க.”

“அவமானமா இருந்துச்சு.”

“அவனுங்க உன்கிட்ட மறைச்சானுங்கன்னு குதிச்சியே. மார்ச்சிலேர்ந்து உனக்காக நான் எவ்வளவு கத்தியிருப்பேன்! டெஸ் பொண்டாட்டிகிட்டப் பேச்சையே நிறுத்திட்டேன். நீ பேசாம உக்காந்து பட்டாணி தின்ன. வண்டியில ஏறு. வாயைத் திறக்காதே.”

வழியில் ஹேல்ஸோவனில் நிறுத்தி மீனும் வறுவலும் வாங்கினாள். ஒரு பொட்டலம்தான். அதை வண்டியிலேயே உட்கார்ந்து, அவனுக்கு ஒரு துண்டு நீட்டாமல், முழுக்கத் தின்று முடித்தாள். பதினோரு நாள் அவள் பேசவில்லை. பேசியபோதும் முதலில் சொன்னது குப்பைத் தொட்டியை வெளியே வைக்கச் சொல்லித்தான்.

கோடைக்கால விழாக்களுக்கு டாக் செயின் வேறொரு டிரம்மரோடு போனது. நோயலுக்கு வந்த கடிதங்களில் பாதி வசவு. பாஸ்கோவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பிளிமத் பத்திரிகையில் அவர் படம் வந்ததாக இமோஜன் சொன்னாள். படத்தில் அவர் சிரிக்கவில்லையாம். புத்தகத்தில் அவள் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதிவிட்டாள். இவ்வளவு பேருக்குத் தெரிந்த பிறகு கம்பெனியாலும் தடுக்க முடியவில்லை.

அக்டோபரில் பெட்டி வந்தது. ஆறாவது டிஸ்க்கில், நவம்பர் முதல் வாரத்தில் நோயல் வாசித்து, அவர்கள் ஒதுக்கிவைத்த பதிவுகள் எல்லாம் இருந்தன. ஸ்டவர்பிரிட்ஜில் சூசன் வீட்டுக்குப் போகும் வழியில் கிளெனிஸ்தான் அதை எடுத்து வண்டியில் போட்டாள். “கேப்போம், எவ்வளவு மோசம்னு.”

மோசமாகத்தான் இருந்தது. நோயல் வண்டி ஓட்டியபடியே கேட்டான். கை பின்தங்கியது. இரண்டாவது பாட்டு நடுவில் குலைந்து நின்றது. அப்போது இருபத்தொன்பது வயது நோயலின் குரல், தூரத்திலிருந்து: “மன்னிச்சுக்கங்க. என் தப்புதான். இன்னொரு தடவை.”

மறுபடி தொடங்கியது. மறுபடி நின்றது. “மன்னிச்சுக்கங்க எல்லாரும். ஆஸ்பத்திரியில அப்பாவுக்கு... இல்ல, ஒண்ணுமில்ல. மன்னிச்சுக்கங்க.”

யாரும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அட்ரியன் மட்டும், “நாலாவது தடவை” என்றான்.

அடுத்த பாட்டிலும் அதே குரல், அதே மன்னிப்பு. நோயலின் கை ஸ்டியரிங்கை இறுக்கியது. சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினான்.

“எத்தனை தடவைடா கேப்ப?” என்று கிளெனிஸ் திடீரென்று வண்டி ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்தினாள். “அப்பன் சாகக் கிடக்கறான், இந்தக் கழுதைங்ககிட்ட எதுக்குடா மன்னிப்பு கேக்கற? எழுந்து வீட்டுக்கு வாடா, முட்டாள்!”

“எழுந்து போடா!” என்று நோயலும் கத்தினான். “குச்சியை வீசிட்டுப் போடா!”

பச்சை விளக்கு விழுந்து வெகுநேரமாகியிருந்தது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹார்னை அழுத்திப் பிடித்தான். நோயல் ஜன்னலைத் திறந்து அவனையும் திட்டிவிட்டு, வண்டியைக் கிளப்பினான்.